அணு எரிபொருளில் தன்னிறைவு: பாதிக் கணக்கு

அணு எரிபொருள் தயாரிப்பில் இந்தியா தன்னிறைவு அடைந்துவிட்டது என்று அடிக்கடி படிக்கிறோம். இது பொய் இல்லை. ஆனா பாதிக் கணக்கு.

முதல்ல உண்மையான பாதி. ஹைதராபாத்தில் உள்ள அணு எரிபொருள் வளாகம் 1970களின் தொடக்கத்திலிருந்து இயங்குகிறது. யுரேனியம் அங்கே ஆக்சைடு பொடியாகி, வில்லைகளாக அழுத்திச் சுடப்பட்டு, சிர்கோனியக் கலவைக் குழாய்களில் அடைக்கப்படுகிறது. 220 மெகாவாட் கனநீர் உலைக்கான ஒரு கட்டில் 19 குழாய்கள். நீளம் சுமார் அரை மீட்டர். ஓர் உலைக்கு இப்படி 3,672 கட்டுகள் வேண்டும்.

இதில் சிர்கோனியம் லேசுப்பட்ட வேலை இல்லை. மணவாளக்குறிச்சி போன்ற கடற்கரை மணலில் கிடைக்கும் சிர்கானில் ஹாஃப்னியமும் கலந்திருக்கும். சிர்கோனியம் நியூட்ரானை விட்டுவிடும், ஹாஃப்னியம் விழுங்கிவிடும். வேதியியலில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, பிரிப்பது பெரும்பாடு. அந்த வேலை ஹைதராபாத்திலும், 2009 முதல் தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலிலும் நடக்கிறது. இந்தச் சாதனையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

சரி, மீதிப் பாதி?

1969ல் ஓடத் தொடங்கிய தாராப்பூர் உலைகளை எடுத்துக்குவோம். இவற்றுக்குச் செறிவூட்டிய யுரேனியம் வேண்டும். அமெரிக்கா தருவதாக ஒப்பந்தம். 1974 பொக்ரான் சோதனைக்குப் பிறகு அது இழுபறியாகி நின்றது. அப்புறம் பிரான்ஸ், 1995ல் சீனா, 2001ல் ரஷ்யா என்று கை மாறியது. இத்தனைக்கும் எரிபொருள் கட்டுகளைச் செய்யத் தெரிந்த ஆலை ஹைதராபாத்தில் இருந்தது. அடுப்பு நம்முடையது, சமையலும் நம்முடையது, அரிசிக்குத்தான் அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருந்தது.

செறிவூட்டல் தேவைப்படாத கனநீர் உலைகளும் தப்பவில்லை. 2007-08 வாக்கில் யுரேனியத் தட்டுப்பாட்டால் அவை ஏறக்குறைய பாதித் திறனில்தான் ஓடின. ஆலையில் கோளாறு இல்லை. பாறையில் சத்து இல்லை. ஜாதுகுடாவில் ஒரு டன் தாதுவை அரைத்தால் அரைக் கிலோ யுரேனியம் கிடைக்கும், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். 2008ல் அணுப்பொருள் வழங்கும் நாடுகள் குழு விலக்கு தந்த பிறகு ரஷ்யா, கஜகஸ்தான், கனடாவிலிருந்து யுரேனியம் வந்தது. 2014-15ல் ஹைதராபாத்தின் உற்பத்தி 1,200 டன்னைத் தாண்டியதில் இந்த இறக்குமதிக்குப் பெரிய பங்கு உண்டு. அதுவும் சர்வதேசக் கண்காணிப்பில் உள்ள உலைகளுக்குத்தான் போகலாம். கல்பாக்கத்தின் கனநீர் உலைகள் அந்தப் பட்டியலில் இல்லை; அவை உள்நாட்டு யுரேனியத்தை நம்பித்தான் ஓடுகின்றன.

கூடங்குளத்தில் கதையே வேறு. ஓர் உலைக்கு 163 எரிபொருள் தொகுப்புகள். தாது முதல் தொகுப்பு வரை எல்லாம் முடிந்து ரஷ்யாவிலிருந்து வருகின்றன. இங்கே ஹைதராபாத் ஆலைக்கு வேலையே இல்லை. அடுத்து கட்டப்படும் உலைகளும் அதே வகை.

மென்பொருளில் ஒரு நிரலை நாங்களே எழுதினோம் என்று சொன்னால், எந்த லைப்ரரி மேல நிக்குது என்றுதான் அடுத்த கேள்வி வரும். இங்கேயும் அதையே கேட்கலாம். ஒவ்வோர் உலைக்கும் தாது, செறிவூட்டல், சிர்கோனியம், தயாரிப்பு என்று நாலு கட்டம் போட்டு, எது யார் கையில் என்று எழுதிப் பாருங்கள். கல்பாக்கத்துக்கு எல்லாமே நம்முடையது (செறிவூட்டல் தேவையே இல்லை). கூடங்குளத்துக்கு ஒன்றுகூட இல்லை. இரண்டையும் ஒரே சொல்லால் எப்படிச் சொல்வது?

எல்லாவற்றையும் இங்கேயே செய்தாகணும் என்று நான் வாதிடவில்லை. தென் கொரியா செறிவூட்டலை வெளியே வாங்கி, தொகுப்பை உள்நாட்டில் செய்கிறது. ஒரே நாட்டிடம் மாட்டிக்கொள்ளாமல் பல இடங்களில் வாங்குவதும், கையிருப்பு வைப்பதும்கூட ஒருவகைப் பாதுகாப்புதான். உள்நாட்டுத் தாது என்பதும் இலவசமில்லை. ஜாதுகுடாவின் கழிவுக் குட்டைகளுக்குப் பக்கத்தில் வாழும் ஆதிவாசிகள் பல வருஷமாக உடல்நலக் கேள்விகளை எழுப்பி வருகிறார்கள். தன்னிறைவு என்று பேசும்போது அந்த விலையும் கணக்கில் ஏற வேண்டும். கூடங்குளத்துக்கு இன்னொரு 1974 வந்தால் எத்தனை மாதம் ஓட்ட முடியும் என்பதும்தான்.