வீட்டுச் சாதகத்துக்கு இரண்டாவது டிரம்ஸ்

தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் வட்டாரத்தில் டிரம்ஸ் வாசிக்கும் பலருக்குக் கருவி சொந்த வீட்டில் இருப்பதில்லை. தேவாலயத்தில் பாடகர் குழுவின் பக்கத்தில் இருக்கும்; இல்லையென்றால் மெல்லிசைக் குழுவோடு கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் வேனில் போய்வரும். இடைப்பட்ட நாட்களில் கை சும்மா இருக்கக் கூடாது என்றால் வீட்டுக்கு இன்னொன்று வேண்டும். அதை வாங்குகிறவர் முதலில் யோசிப்பது சத்தத்தையும் விலையையும்தான். கடைசியில் பழைய ஆக்டோபேடோ மலிவான எலக்ட்ரானிக் கிட்டோ வீடு வந்து சேர்கிறது. இந்தத் தேர்வில் நியாயம் உண்டு. ஆனால் வீட்டில் பழகியதில் எவ்வளவு, மேடையில் பெரிய கிட்டின் முன் உட்காரும்போது கைகால்களில் நிற்கும் என்பதை யாரும் கேட்பதில்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

சத்தத்தைப் பற்றிய கவலை வீண் அச்சமில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. சாதாரண கிட்டை ஓங்கி அடித்தால் வாசிப்பவரின் காதருகே 100 டெசிபலைத் தாண்டிவிடும். அந்த அளவு ஓசையை நாளொன்றுக்கு 15 நிமிடத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில்நல நிறுவனமான நியோஷின் வரையறை. சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் இதை அக்கம்பக்கத்தாரின் பொறுமைக்கு விட்டுவிட முடியாது. ஆகவே வீட்டுக் கிட்டின் ஓசை அடங்கியே ஆக வேண்டும். எப்படி அடக்குவது என்பதில்தான் வேறுபாடு.

ரோலண்ட் நிறுவனம் 1985-இல் கொண்டுவந்த ஆக்டோபேட் நம் மெல்லிசை மேடைகளுக்கு அவ்வளவு பொருந்திப்போனதற்குக் காரணம் தெளிவு. எட்டு பேடுகள் ஒரே பலகையில். ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறலாம். பின்னால் வந்த வகைகளில் தபலா, டோலக், டிரம்ஸ் எல்லா ஒலியும் அதிலேயே கிடைக்கும். வருமானத்துக்கு அது நல்ல துணை. சாதகத்துக்கு அவ்வளவு நல்லதல்ல. எட்டு பேடும் ஒரு சாண், இரு சாண் தொலைவுக்குள் அடங்கிவிடுவதால், ஸ்நேரிலிருந்து ஃப்ளோர் டாமுக்குத் தோளும் இடுப்பும் திரும்பிப் போகும் பழக்கம் வருவதே இல்லை. தனியாகப் பெடல் வாங்கி இணைக்காதவரை கால்களுக்கு வேலையும் இல்லை. தவில் கற்கும் பிள்ளைகள் கட்டையில் தட்டித்தானே கையைத் திடப்படுத்துகிறார்கள், டிரம்ஸுக்கு மட்டும் ஏன் இத்தனை ஏற்பாடு என்று கேட்கலாம். கேள்வி சரியானது, கைக்கு மட்டும் என்றால் ஒரு ரப்பர் பேடே போதும், ஆக்டோபேடுகூட வேண்டாம். ஆனால் தவில் இரண்டு கைகளின் கலை. டிரம்ஸில் வலதுகால் கிக்கிலும் இடதுகால் ஹை-ஹாட்டிலும் இருக்க, நான்கு உறுப்பும் ஒரே கணக்கில் நிற்க வேண்டும்.

எலக்ட்ரானிக் கிட் இந்தக் குறையைப் பாதி தீர்க்கிறது. ஹெட்ஃபோனில் பாட்டைப் போட்டுக்கொண்டு நள்ளிரவிலும் பழகலாம், தாளக் கணக்குக்கு மெட்ரோனோம் உள்ளேயே இருக்கும், வாசித்ததைப் பதிந்து கேட்கலாம். ஆனால் மலிவான வகைகளில் ஸ்நேர் பேடு பெரும்பாலும் 8 அல்லது 10 அங்குலம்தான். மேடையில் காத்திருப்பதோ 14 அங்குலம். மெல்லத் தட்டினாலும் ஓங்கி அடித்தாலும் ஓசையில் நுட்பமான வேறுபாடு வராததால் கையின் நயம் மழுங்குகிறது. வாசிப்பவருக்குத் தெரியாத இன்னொரு குறையும் உண்டு. கிக் பெடலின் அடி காற்றில் போவதைவிடத் தரை வழியாகவே கீழ்வீட்டுக்கு இறங்கும். ஹெட்ஃபோன் போட்டவருக்கு எல்லாம் அமைதி. கீழே இருப்பவருக்குத் தலைக்கு மேல் இடி. செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று வரும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான சாரல் மாதங்களின் ஈரமும் கேபிள் இணைப்புகளுக்கு நல்லதல்ல.

என் தேர்வு வேறு: கைமாறி வரும் பழைய, சிறிய சாதாரண கிட். ஓசை அடங்க, ஹெட்டைக் கழற்றி வலை ஹெட் போட வேண்டும்; சிம்பலுக்கு ரப்பர் மூடியோ, நுண்துளையிட்ட தணிந்த ஓசை சிம்பலோ போதும். தொலைவும் கோணமும் உட்காரும் முறையும் மேடையில் உள்ளபடியே இருக்கும். டிரம்ஸின் பாலியெஸ்டர் ஹெட்டும் இந்த வலையும் தவில், மிருதங்கத் தோலைப் போலச் சாரலில் தளர்வதில்லை; திருகாணி துருப்பிடிக்காமல் எண்ணெய் தொட்டால் சரி. வலையில் குச்சி வேண்டியதைவிட அதிகமாகத் துள்ளும், அது உண்மையான குறை. இழுப்பைச் சற்றுத் தளர்த்தியும், வாரத்தில் சில நாள் ரப்பர் பேடில் கையைப் பழக்கியும் அதைச் சரிக்கட்டலாம். ஓசை இனிமையாக இல்லை, பழக உற்சாகம் வராது என்பவர்களுக்கு: இனிமையான ஓசை முதல் கிட்டில் கிடைக்கும், வீட்டில் வேண்டியது உழைப்பு. ஆனால் மேல்மாடியில் வாடகைக்கு இருப்பவர், இரண்டு பலகைகளுக்கிடையே டென்னிஸ் பந்துகள் பொருத்திய மேடையின்றி எந்தக் கிட்டையும் வைக்கக் கூடாது. இரவு மட்டுமே நேரம் கிடைப்பவருக்கு எலக்ட்ரானிக் கிட்டே பொருந்தும், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பழைய கிட் பார்க்கப் போகிறவர்கள் பெயிண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். ஹெட்டைக் கழற்றச் சொல்லி, மர உருளையின் விளிம்பு வளையாமல் வெடிக்காமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். திருகாணி ஒவ்வொன்றும் சுற்றுகிறதா, பெடலின் சங்கிலி தடையின்றி ஓடுகிறதா என்று சோதித்த பிறகே விலை பேசுங்கள்.