வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைப் பேணுதல்: ஒரு விமரிசன நோக்கு

பழைய கட்டடமொன்றைத் திருத்துதல் என்றால் அதனைப் புதிதாக்குதல் என்றே நம்மிற் பலர் கருதுகின்றனர். வண்ணக் கண்ணாடிச் சாளரங்களுக்கு இக்கருத்தினும் தீங்கானது பிறிதில்லை.

அக்கரப்பத்தனை, டிக்கோயா, நுவரெலியா ஆகிய தேயிலைப் பிரதேசத்தார்க்கு இவ்விடயம் அயலானதன்று. 1852இல் அபிடேகம் பெற்ற நுவரெலியாப் பரிசுத்த திரித்துவ ஆலயத்திலும், 1878இல் எழுந்த டிக்கோயா வார்லி ஆலயத்திலும் இத்தகைய சாளரங்கள் உள்ளன. மத்தியகால ஐரோப்பியக் கண்ணாடி பொட்டாசு மிகுந்தது, ஈரத்தால் அரிக்கப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கண்ணாடி அத்துணை நலிந்ததன்று. அதன் நோய் வேறிடத்தது. துண்டுகளைப் பிணைக்கும் ஈயப்பட்டி ஏறத்தாழ 100 முதல் 150 ஆண்டுகளில் தளர, சாளரம் வயிறு தள்ளும். தாங்கும் இரும்புக் கம்பி துருவேறிப் பருத்துக் கல்லைப் பிளக்கும். அக்கால ஆங்கிலப் பட்டறைகள் சில வெண்காரம் கலந்து தீட்டிய வண்ணம், முகத்தின் கண்ணையும் வாயையும் உடன்கொண்டு உதிரும். மூடுபனி ஓயாத நம் மலைகளிற் கண்ணாடியின் உட்புறத்தே நீர் படிவது இயல்பு. அதனைத் துடைக்கும் பக்தியுள்ள கை எஞ்சிய கோட்டையும் துடைத்துவிடக்கூடும்!

முன்னொருபோதும் இருந்திராத முழுமையைக்கூடக் கட்டடத்துக்கு அளித்தலே புனரமைப்பு என்றார் பிரான்சின் வியொலே-லெ-டுக். அதனை அழிவென்றே கண்டார் ரஸ்கின். அவர்வழி நின்ற வில்லியம் மொரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவியதோடு, பழைய தேவாலயங்களுக்குப் புதுச் சாளரம் செய்வதையும் நிறுத்தினார். சாளரம் விற்றுப் பிழைத்த ஒருவர்க்கு இது சிறிய இழப்பன்று. உடைந்த துண்டை ஒட்டுவதும், மூலக் கண்ணாடியைச் சற்றே உள்ளிழுத்து, பழைய இடத்திற் காப்புக் கண்ணாடியிட்டு, இடையே காற்றோட விடுவதுமான இன்றைய முறை மொரிஸ் பக்கமே சாய்கிறது. என் கருத்தும் அதுவே.

துரைமாரின் நினைவுக்குப் பதித்த கண்ணாடி நமக்கென்ன என வினவுவாருமுளர். வினா நியாயமானதே. எனினும் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தை நோக்குக. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமான 1815 மார்ச் 2ஆந் திகதியே அதன் எல்லை. பிற்பட்டவை தனியே பிரகடனஞ் செய்யப்பட்டாலன்றிக் காப்புப் பெறா. கோப்பி, தேயிலைத் தோட்டங்களின் வரலாறு முழுவதும் அக்கோட்டுக்கு இப்பால் நிற்கின்றது. துரையின் சாளரமும் தொழிலாளியின் லயமும் சமமாகும் இடம் இச்சட்டமொன்றே போலும்! கோப்பி மலைகளின் செல்வம் எங்குச் சென்றது என்பதற்கு அச்சாளரம் ஒரு சான்று. அது உதிர்ந்தால் துரையின் பெயர் மட்டுமன்றி, அச்செல்வத்தை ஈட்டியோரின் தடயமும் உடன் போகும்.

ஆதலாற் புதுக் கண்ணாடி பொருத்தும் அவசரத்தை எதிர்த்தல் வேண்டும். ஈயப்பட்டியைத் தொடுமுன் ஒவ்வொரு துண்டும் படமெடுக்கப்படுக. புதிது சேர்த்த இடம் அணுகிப் பார்ப்பவர்க்குப் புலப்படுக. அப்பணியின் அறிக்கை தமிழிலும் எழுதப்படுக. கொடையளித்தவர் பெயரோடு, அவரது தோட்டத்தில் எவ்வூரார் உழைத்தனர் என்பதும் அதில் இடம்பெறுக.