யுசேபியோ: ஆற்றலும் உரிமையும்

திறனாய்வு என்பது ஏட்டில் எழுதப்பட்ட படைப்புகளுக்கு மட்டுமே உரியது எனக் கருதுவோர் உளர். அக்கருத்து முழுதும் ஏற்கத்தக்கதன்று. ஒருவர் தம் உடலையும் உள்ளத்தையும் கருவியாகக் கொண்டு, பல்லாயிரவர் முன்னிலையில் நிகழ்த்திக் காட்டும் ஆட்டக்கலையும் மதிப்பீட்டிற்கு உரியதே. போர்த்துகலின் புகழ்பெற்ற காற்பந்துத் தாக்குதல் ஆட்டக்காரர் யுசேபியோவின் ஆட்ட வாழ்வை அவ்வாறு எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவரைப் பற்றி எழுதப்படுவன பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று எண்ணிக்கை. பென்பிகா கழகத்திற்காக 440 ஆட்டங்களில் 473 கோல்கள், நாட்டுக்காக 64 ஆட்டங்களில் 41 கோல்கள், 11 முறை லீக் வெற்றி, 1965இல் தங்கப் பந்து விருது, 1968இலும் 1973இலும் ஐரோப்பியத் தங்கக் காலணி என்று அப்பட்டியல் நீளும். மற்றொன்று, ஏழைச் சிறுவன் உழைத்து உயர்ந்த கதை. இவ்விரண்டும் பொய்யல்ல; ஆயின் நிறைவுடையனவும் அல்ல. முன்னது மனிதனை மறைக்கிறது; பின்னது வரலாற்றை மறைக்கிறது.

தோற்றமும் சூழலும்

யுசேபியோ 1942ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள், அன்று போர்த்துகலின் ஆட்சியிலிருந்த மொசாம்பிக்கின் தலைநகரான லோரன்சு மார்க்கேசில் பிறந்தார். இன்று அந்நகரின் பெயர் மபூட்டோ. எட்டு வயதில் தந்தையை இழந்த அவரைத் தாய் வளர்த்தார். மஃபலாலா என்னும் எளியோர் குடியிருப்பில், காலுறைக்குள் செய்தித்தாளைத் திணித்துச் செய்த பந்தே சிறுவர்களின் பந்தாயிற்று. அவர்கள் தம் குழுவுக்குச் சூட்டிக்கொண்ட பெயர் 'பிரேசிலியர்' என்பது. தம்மை ஆண்ட நாட்டின் பெயரையன்றித் தொலைவிலிருந்த ஒரு நாட்டின் பெயரை அச்சிறுவர் விரும்பியது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அக்காலத்தில் லிசுபனின் பெருங்கழகங்கள் குடியேற்ற நாடுகளில் கிளைக் கழகங்களை வைத்திருந்தன. பருத்தியும் முந்திரியும் கப்பலேறிய அதே நிலத்திலிருந்து ஆட்டத் திறனும் மூலப்பொருளாய் ஏற்றுமதியாயிற்று. யுசேபியோ ஆடியது ஸ்போர்ட்டிங் கழகத்தின் கிளையில். ஆயினும் 1960இன் இறுதியில் அவரை லிசுபனுக்கு வரவழைத்தது அதன் பகைக் கழகமாகிய பென்பிகா. இரு கழகங்களும் அவர்மீது உரிமை கொண்டாட, அவர் தென் போர்த்துகலின் கடற்கரையில் மறைவாகத் தங்கவைக்கப்பட்டார். தந்திச் செய்திகளில் 'ரூத் மலோசோ' என்னும் பெண்பெயரே அவருக்குரிய மறைபெயராயிற்று. இதனை வேடிக்கை நிகழ்ச்சியாகவே பலரும் எழுதுவர். பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் பொருளைப்போல் ஒளித்துவைக்கப்பட்டான் என்பதையும் உடன் எழுதுதல் வேண்டும்.

ஆற்றலின் அளவு

1962ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் ஆம்ஸ்டர்டாமில் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம் நடைபெற்றது. ரியால் மாட்ரிட் குழுவின் புஸ்காஸ் முற்பாதியிலேயே மூன்று கோல்களை அடித்தார். பென்பிகா பின்தங்கியிருந்தது. பிற்பாதியில் கொலூனா ஆட்டத்தைச் சமன் செய்ய, இருபது வயது யுசேபியோ அடுத்தடுத்து இரு கோல்களை அடித்து 5-3 என்னும் வெற்றியைத் தேடித்தந்தார்.

எனினும் அவர்தம் ஆற்றலை அளக்க ஏற்ற உரைகல் 1966ஆம் ஆண்டு சூலை 23ஆம் நாள் ஆட்டமே எனலாம். உலகக் கிண்ணக் காலிறுதியில், லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் திடலில், வட கொரியா இருபத்தைந்து நிமிடங்களுக்குள் மூன்று கோல்களை அடித்துவிட்டது. யுசேபியோ தொடர்ந்து நான்கு கோல்களை அடித்தார். ஆட்டம் 5-3 எனப் போர்த்துகலுக்கு முடிந்தது. அந்நான்கில் இரண்டு பெனால்டி உதைகள் என்று குறைகூறுவோர் உண்டு. அவர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். முதல் கோலை அடித்த யுசேபியோ கொண்டாட்டத்தில் ஈடுபடவில்லை. வலைக்குள் கிடந்த பந்தை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டை நோக்கி ஓடினார். தோல்வியின் விளிம்பில் நிற்கும் குழுவுக்குக் காலத்தின் அருமையை உணர்த்திய செயல் அது. வலக்காலின் வன்மையினும் அத்தெளிவே பெரிது. அப்போட்டியில் ஒன்பது கோல்கள் அடித்து அவர் முதலிடம் பெற்றார்.

குறையும் பண்பும்

புகழ்வது மட்டும் திறனாய்வு ஆகாது. யுசேபியோவின் ஆட்டத்தில் குறையே இல்லை என்பது மிகை. 1968ஆம் ஆண்டு வெம்பிளியில் நடைபெற்ற ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில், மான்செஸ்டர் யுனைடெட் குழுவுடன் 1-1 என்று சமநிலையில் இருந்தபோது, ஆட்டம் முடியும் தறுவாயில் அவருக்கு அரிய வாய்ப்பு ஒன்று கிட்டியது. எதிரே கோல் காவலர் ஸ்டெப்னி மட்டுமே நின்றார். பந்தை மெல்ல ஒருபுறம் செலுத்தியிருப்பின் கிண்ணம் பென்பிகாவுக்கு உரியதாயிருக்கக் கூடும். அவரோ முழு வலிமையோடு உதைத்தார். ஸ்டெப்னி பந்தைப் பற்றிக்கொண்டார். கூடுதல் நேரத்தில் மூன்று கோல்களை வாங்கிப் பென்பிகா தோற்றது. தம் வேகத்தின்மீதும் வலிமையின்மீதும் அவர் கொண்ட அளவுமீறிய நம்பிக்கையே இங்குக் குறையாயிற்று. நான்கு ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டங்களில் ஆடியும் ஒன்றில்தான் அவரால் வெல்ல முடிந்தது என்பதும் நினைவிற்குரியது.

ஆனால் அதே நொடியில் அவர் செய்தது வேறொன்று. பந்தைப் பிடித்த ஸ்டெப்னியை நோக்கிக் கைதட்டிப் பாராட்டினார். வெற்றி கைநழுவிய வேளையில் பகைவனின் திறனை மதிக்க எத்துணைப் பேருக்கு இயலும்? ஆட்டக்காரர் தவறிய இடத்திலேயே மனிதர் உயர்ந்து நிற்கிறார்.

உரிமை என்னும் வினா

அறுபதுகளில் இத்தாலியக் கழகங்கள் பெரும்பொருள் தந்து யுசேபியோவைப் பெற விரும்பின. சர்வாதிகாரி சலசார் அவரை நாட்டின் சொத்து எனக் கருதி, வெளிநாடு செல்ல இசையவில்லை என்பர். 'சொத்து' என்னும் சொல் பாராட்டுப்போல் ஒலிக்கிறது. சொத்துக்கு விருப்பமில்லை, சொத்துக்கு ஊதியம் பேசும் உரிமையுமில்லை. 1964இல் மொசாம்பிக்கில் விடுதலைப் போர் தொடங்கியது. அதற்கு ஈராண்டுகளின் பின், 1966இல், அம்மண்ணில் பிறந்த யுசேபியோ, கொலூனா, இலாரியோ, விசென்டே ஆகியோர் போர்த்துகலின் உடையணிந்து உலகக் கிண்ணத்தில் ஆடினர். கொலூனா குழுவின் தலைவராகவும் இருந்தார். குடியேற்ற ஆட்சி நன்மையே செய்கிறது என்று உலகுக்குக் காட்ட அவ்வரசுக்கு இதனினும் ஏற்ற காட்சி கிடைத்திருக்குமா?

மேலை நாட்டு இதழ்கள் அவருக்குச் சூட்டிய 'கருஞ்சிறுத்தை' என்னும் பட்டத்தையும் நாம் ஆராயாமல் எடுத்தாள்வது முறையன்று. அது அவர்தம் வேகத்தையும் நிறத்தையும் கூறுகிறது; அறிவைக் கூறவில்லை. குடிசன் பார்க்கில் பந்தை எடுத்துக்கொண்டு ஓடியது விலங்கின் பாய்ச்சலன்று, மனிதனின் சிந்தனை.

அவர் ஏன் அரசியல் பேசவில்லை என்று கேட்போர் உளர். மறைகாவலரின் அச்சுறுத்தல் நிறைந்த ஆட்சியில் வாழ்ந்த ஒருவரை, அச்சமற்ற காலத்திலிருந்துகொண்டு குற்றஞ்சாட்டுதல் எளிது, அறமாகாது. மொசாம்பிக் 1975 சூன் 25ஆம் நாள் விடுதலை பெற்றபோது அவருக்கு வயது 33. முழங்கால்கள் பலமுறை அறுவைக்கு உட்பட்டிருந்தன; போர்த்துகலுக்காக அவர் ஆடிய இறுதியாட்டமும் 1973இலேயே முடிந்திருந்தது. பிறந்த மண் தன் பெயரில் ஒரு குழுவை அமைக்கும் முன்பே அவர்தம் கால்களின் காலம் கழிந்துவிட்டது. அவர் வாழ்வின் ஆழ்ந்த இழப்பு இதுவே என்பது என் துணிபு. கோல் பட்டியல் எதிலும் இது இடம்பெறுவதில்லை.

2014 சனவரி 5ஆம் நாள் அவர் மறைந்தபோது போர்த்துகல் மூன்று நாள் துக்கம் கடைப்பிடித்தது. 2015இல் அவர்தம் உடல் நாட்டின் பெரியோர் துயிலும் தேசிய நினைவு மண்டபத்திற்கு மாற்றப்பட்டது. அங்கு இடம்பெற்ற முதல் காற்பந்து வீரர் அவரே. அப்பெருமை அவருக்குத் தகும். எனினும், மாண்டபின் அளிக்கும் மதிப்பு வாழ்நாளில் மறுத்த உரிமைக்கு ஈடாகிவிடாது.

நிறைவாக

மாணவர்க்குப் பெரியோர் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள், 'முயன்றான், உயர்ந்தான்' என்னும் இரு சொற்களில் பாடத்தை முடித்துவிடலாகாது. எந்தப் பாதை அவனுக்குத் திறந்திருந்தது, எது அடைக்கப்பட்டிருந்தது, அடைத்தவர் யார் என்னும் வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். அவ்வாறு வினவுவதால் யுசேபியோவின் புகழ் குறையாது. பிறர் தம்மை உடைமையாகக் கருதிய காலத்திலும், எதிரியின் திறனுக்குக் கைதட்டும் உள்ளத்தை அவர் எவருக்கும் உடைமையாக்கவில்லை என்பது அப்போதுதான் மாணவர்க்கு விளங்கும்.