கண்ணாடியா, அக்ரிலிக்கா? பாசி சுரண்டும்போது தெரியும்

கடையில் நின்று பார்த்தால் அக்ரிலிக் தொட்டிதான் அழகு. விழும் ஒளியில் சுமார் 92 சதவீதம் அதனூடே போய்விடுகிறது. சாதாரணக் கண்ணாடியில் தெரியும் பச்சைச் சாயல் கிடையாது, மூலைகளில் சிலிக்கான் கோடும் கிடையாது. என் வீட்டில் மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் இரண்டு வகையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. வீட்டுக்கு வருபவர்கள் முதலில் போய் நிற்பது அக்ரிலிக் முன்னால்தான். ஆனாலும் நாலடிக்கு உட்பட்ட தொட்டி என்றால் கண்ணாடியை வாங்குங்கள் என்றே சொல்வேன். காரணம் பாசி.

தொட்டியை நாம் பார்க்கிற அளவுக்குச் சுத்தமும் செய்தாக வேண்டும். கண்ணாடியில் பச்சைப் புள்ளிகளாக இறுகிப்போகும் பாசியை ஷேவிங் பிளேடு வைத்து ஒரே இழுப்பில் எடுத்துவிடலாம். சென்னை போர்வெல் தண்ணீர் நீர்மட்டத்தில் விட்டுப்போகும் வெள்ளை உப்புக்கோடும் வினிகர் தொட்டு பிளேடால் சுரண்டினால் போய்விடும். அக்ரிலிக்கில் பிளேடு படவே கூடாது. பழைய ஏடிஎம் கார்டு போன்ற பிளாஸ்டிக் அட்டையால் பொறுமையாகத் தேய்க்க வேண்டும்; உப்புக்கோட்டுக்கு வினிகரில் நனைத்த துணியை வெகுநேரம் ஒட்டி வைக்க வேண்டும். காந்த பிரஷ்ஷில் ஒரே ஒரு மணல் துகள் சிக்கிக்கொண்டால் போதும், அது போன வழியெல்லாம் கீறல். அம்மோனியாவோ ஸ்பிரிட்டோ கலந்த கண்ணாடித் துடைப்பானை வெளிப்பக்கம் அடித்தால்கூட நாளடைவில் மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புகள் ஓடிவிடும்.

அக்ரிலிக் கீறலை மெருகேற்றிப் போக்கலாம் என்பது உண்மைதான். மேலும் மேலும் நைசான உப்புத்தாள் போட்டு, கடைசியில் பாலிஷ் தடவினால் மறைந்துவிடும். வெளிப்பக்கம் அது சுலபம். கீறல் விழுவதோ பெரும்பாலும் உள்பக்கம். மீனை எடுத்து, தண்ணீரை இறைத்து, மணலை அள்ளி, அப்புறம்தான் தேய்க்க முடியும்.

இன்னொன்றும் கவனியுங்கள். அக்ரிலிக் வளைந்து கொடுக்கும். கண்ணாடியின் விறைப்பு அதைப்போல் இருபது மடங்குக்கும் மேல். தண்ணீர் அழுத்தத்தில் முன்பக்கம் உப்பிவிடாமலிருக்க மேல்விளிம்பைச் சுற்றி அகலமான பட்டை வைத்துத்தான் செய்கிறார்கள். கை நுழைய நடுவில் ஓர் ஓட்டை. மூலையில் ஒரு செடியை நட்டுப் பாருங்கள், தோள்பட்டை சொல்லும்.

எடையில் வித்தியாசம் உண்டு. என் அளவுக்கு 8 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் வெறும் தொட்டியே 33 கிலோ வரும். அதே தடிமன் அக்ரிலிக் அதில் பாதிகூட இல்லை. மாடிப்படி ஏற்றும்போது இது பெரிய விஷயம். தண்ணீர் நிரப்பிய பிறகு, உள்ளே 190 லிட்டர் என்பதால், ஸ்டாண்டுக்கும் தரைக்கும் அந்த வித்தியாசம் பொருட்டே இல்லை. வெப்பத்தை அக்ரிலிக் மெதுவாகத்தான் கடத்தும். ஊட்டியில் ஹீட்டர் போட்டு மீன் வளர்ப்பவருக்கு அது லாபம். வெயிலில் தண்ணீர் சூடாவதே கவலையாக இருக்கும் சென்னையில் அதனால் பயனில்லை.

அடி தாங்குவதில் மட்டும் அக்ரிலிக்கை மிஞ்ச முடியாது. கூடத்தில் பந்து விளையாடும் பிள்ளைகள் இருந்தால் தயங்காமல் அதையே வாங்கலாம். வளைந்த தொட்டி, ஆளுயரத் தொட்டி, பொதுக் காட்சியகங்களின் சுரங்கப்பாதை எல்லாம் அதன் ராஜ்ஜியம். அதற்காக உடையவே உடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்: பெர்லினில் சுமார் 10 லட்சம் லிட்டர் தண்ணீரோடு நின்ற அக்வாடோம் உருளை, 2022 டிசம்பர் 16 அன்று வெடித்துச் சிதறியது. அதுவும் அக்ரிலிக்தான்.

விலையிலும் கண்ணாடிதான் கைக்கு அடக்கம். கொளத்தூர் மீன் கடைப் பக்கம் போனால் நீங்கள் சொல்லும் அளவுக்கே செய்து வாங்கலாம். முன்பக்கத்துக்கு மட்டும் இரும்புச்சத்து குறைந்த எக்ஸ்ட்ரா கிளியர் கண்ணாடி கேளுங்கள். பச்சைச் சாயல் குறை பெருமளவு தீர்ந்துவிடும். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த பாத்ரூம் சிலிக்கான் மீனுக்கு ஆகாது, எதைப் போட்டு ஒட்டுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒட்டிய தொட்டியில் சிலிக்கானின் வினிகர் வாடை அடங்கும்வரை தண்ணீர் விட வேண்டாம். பிறகு பால்கனியில் சமதளமான இடத்தில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் தொட்டியை வைத்து விளிம்புவரை நிரப்பி, ஒரு முழு நாள் விட்டுப் பாருங்கள். தாளில் ஈரம் இல்லையென்றால் ஸ்டாண்டில் ஏற்றலாம்.