32 சிப்பாய்கள், ராஜா இல்லை

உலகச் சதுரங்கப் பட்டத்தை 1927-ல் அலெக்கைனிடம் பறிகொடுத்த கபாபிளாங்கா, 1929-ல் லண்டனில் ஒரே நேரத்தில் பலரோடு மோதும் காட்சி ஆட்டம் ஆடினார். அங்கே அவரிடம் டிரா வாங்கியவர் டன்சேனி பிரபு. டப்ளின் ஆபி தியேட்டருக்கு நாடகம் கொடுத்தவர், விசித்திரமான சிறுகதைகள் எழுதியவர், அயர்லாந்தின் மீத் பகுதியில் கோட்டையோடு வாழ்ந்த 18-வது பரோன்.

அந்த டிராவை அளவோடு மெச்சுவோம். காட்சி ஆட்டத்தில் மாஸ்டர் மேஜை மேஜையாக நடந்து, நொடிகளில் காய் நகர்த்திவிட்டுப் போவார். எதிராளிக்கோ அவர் சுற்றி வரும்வரை யோசிக்க நேரமுண்டு. ஆனாலும் கபாபிளாங்கா அரைப் புள்ளியைச் சும்மா தருகிறவர் அல்ல. இறுதிக்கட்டத்தில் ஒரு சின்னச் சறுக்கல் போதும் அவருக்கு.

என் கணக்கில் டன்சேனியின் நிஜமான பலம் புதிர்தான். அவருடைய புகழ்பெற்ற புதிர் ஒன்றில் கறுப்புக் காய்கள் 16-ம் ஆட்டமே தொடங்காததுபோல் அணிவகுத்து நிற்கும். வெள்ளை 4 நகர்த்தலில் மாட் செய்ய வேண்டும். நடக்கிற காரியமா? உற்றுப் பாருங்கள், கறுப்பு ராணி வெள்ளைக் கட்டத்தில் நிற்கிறாள். தொடக்கத்தில் அவள் இடம் கறுப்புக் கட்டமாயிற்றே! அப்படியானால் ராஜாவும் ராணியும் இடம் மாறியிருக்கிறார்கள். சிப்பாய்கள் வழிவிடாமல் அது முடியாது. சிப்பாய் பின்வாங்கவும் முடியாது. ஆக, அவை எதிர்முனையிலிருந்து புறப்பட்டு, கடைசி வரிசைக்கு ஒரு கட்டம் முன்னால் சொந்தக் காய்களிடமே முட்டிக்கொண்டு நிற்கின்றன. கறுப்பில் அசையக்கூடியவை குதிரைகள் மட்டும். மூச்சுவிட இடமில்லாத ராஜாவை வெள்ளைக் குதிரை முடித்துவிடும். அடுத்து என்ன ஆடலாம் என்றே பார்க்கும் ஆட்டக்காரரை, இந்த நிலை எப்படி வந்தது என்று கேட்க வைப்பது கதாசிரியரின் மூளை.

1942-ல் ஒரு புது ஆட்டத்தையே உருவாக்கினார். ஒரு பக்கம் வழக்கமான படை. மறுபக்கம் நான்கு வரிசை நிறைய 32 சிப்பாய்கள், ராஜா கிடையாது. (பிரபு குலத்துக்காரருக்கு வந்த யோசனையைப் பாருங்கள்!) சிப்பாய்க் கூட்டம் எதிரி ராஜாவை மாட் செய்ய வேண்டும், எதிரி அத்தனை சிப்பாய்களையும் வெட்ட வேண்டும். இதன் வாரிசான 'ஹோர்ட்' ஆட்டம் லிசெஸ் இணையதளத்தில் 36 சிப்பாய்களோடு இன்றும் நடக்கிறது.

சிப்பாய்ப் பக்கம் ஆடுகிறவர் அவசரப்படக் கூடாது. ஒன்றை ஒன்று காக்கும் சங்கிலி அறுந்து ராணி பின்வரிசைக்குள் புகுந்துவிட்டால், சிப்பாயால் திரும்பிப் பார்த்து அடிக்க முடியாது.