நோண்டுவதில் இரண்டு வகை

கேரளத்தில் லினக்ஸ் கணினிப் பித்தர்களின் தனிச்சொத்து அல்ல. 2001 ஜூலையில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்திருக்க, இந்தியாவுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது திருவனந்தபுரத்தில்தான். அடுத்த சில ஆண்டுகளில் ஐ.டி.@ஸ்கூல் திட்டம் அரசுப் பள்ளிகளை லினக்ஸுக்கு நகர்த்தியது. 2017இல் அது ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாயிற்று. எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைத் தமிழ்வழிப் பிள்ளையும் மூணாறு எஸ்டேட் பிள்ளையும் உபுண்டுவின் மேல் கட்டிய கைட் லினக்ஸில்தான் பள்ளிப் பாடம் படிக்கிறார்கள். ஜிம்ப், இங்க்ஸ்கேப், லிப்ரே ஆபீஸ் எல்லாம் அவர்களுக்குப் பழகிய பெயர்கள்.

ஆனால் பள்ளி லேபில் கை வைக்க முடியாது. மாநிலம் முழுக்க ஒரே அமைப்பு இருந்தால்தான் ஒரே பாடத்தை நடத்தவும் ஒரே செய்முறைத் தேர்வை வைக்கவும் முடியும். இது நியாயம்தான். அதனால் லினக்ஸின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கும் ஆசை வீட்டு லேப்டாப்பில்தான் தீர்கிறது. அதைத்தான் இங்கே ‘நோண்டுவது’ என்கிறார்கள். வீட்டில் பெரியவர்கள் அதைத் திட்டாகச் சொல்வார்கள். நோண்டுகிறவர்களுக்கோ அது பெருமை.

பெருமைக்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. டி.பி.எம். 2.0 பாதுகாப்பு வசதி இல்லாத பழைய லேப்டாப்புகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. 4 ஜி.பி. ராம் மட்டுமே உள்ள அப்படியொரு மெஷினில் எக்ஸ்.எஃப்.சி.இ. போன்ற இலகுவான டெஸ்க்டாப்பைப் போட்டு, ராமிலுள்ளதைச் சுருக்கி வைக்கும் இசட்ராமையும் இயக்கிவிட்டால் இன்னும் சில வருடம் ஓடும். புது லேப்டாப் எளிதில் வாங்க முடியாத தோட்டத்துக் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்லை.

இன்னொன்று தட்டச்சு. நோண்டியே ஆக வேண்டிய இடம் என்றால் இதைத்தான் சொல்வேன். எல்லையோரப் பிள்ளைக்குத் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றும் ஒரே விசைப்பலகையில் வேண்டும். கேரளப் பள்ளிகளில் மலையாளத்துக்குப் பழக்குவது இன்ஸ்கிரிப்ட். அதில் இந்திய மொழிகள் பெரும்பாலானவற்றுக்கும் ஒரே ஒலி ஒரே விசையில் இருக்கும். மலையாளம் அடித்துப் பழகிய விரல் தமிழுக்கும் உதவும். வாளையாறைத் தாண்டிக் கோயம்புத்தூர்க் கல்லூரிக்குப் போனால் தமிழ்நாட்டு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 எதிர்ப்படும். ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியில் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். எந்த வரிசைக்குப் பிறகு எது வரவேண்டும், எந்தச் செயலியில் அது மக்கர் செய்கிறது என்பதையெல்லாம் அவரவரே பார்த்துச் சரிசெய்ய வேண்டும். இந்த வேலையை எந்தக் கம்பெனியும் கொழிஞ்சாம்பாறைக்காக உட்கார்ந்து செய்யப்போவதில்லை.

ஆனால் நேரம் போவது பெரும்பாலும் இதிலா? இல்லை. ஐகான் மாற்றம், கீழே ஒரு டாக், கண்ணாடி போன்ற ஜன்னல், டெர்மினலுக்கு வண்ணம். குனோம் டெஸ்க்டாப்பில் இவை பலவும் ‘எக்ஸ்டென்ஷன்’களை நம்பியவை. உபுண்டு 22.04இல் இருந்தது குனோம் 42, 24.04இல் குனோம் 46. நடுவே, 2023 செப்டம்பரில் வந்த குனோம் 45, எக்ஸ்டென்ஷன் எழுதும் முறையையே மாற்றியது. பழையவை திருத்தப்படாமல் ஓடவில்லை. இரண்டு வருடம் பார்த்துப் பார்த்துச் செய்த அலங்காரம் ஒரே அப்கிரேடில் காணாமல் போகும்.

அலங்காரம் போனால் போகட்டும். எங்கிருந்தோ எடுத்த கமாண்டை என்னவென்று பார்க்காமல் நிர்வாகி உரிமை தரும் ‘சூடோ’ போட்டு ஒட்டுவதுதான் ஆபத்து. டிரைவர் உடைந்து திரை கறுத்தால் அடுத்த வேலை ரீஇன்ஸ்டால். அரை மணியில் எல்லாம் பழையபடி ஆகிவிடும், ஏன் உடைந்தது என்பது மட்டும் தெரியாது. ‘ஜர்னல்சிடிஎல்’ காட்டும் பிழைச் செய்தியைப் படித்து, எந்த பேக்கேஜ் எதோடு மோதியது என்று கண்டுபிடிப்பவர் அன்று இரவு தூங்காமல் போகலாம்; ஆனால் அவர்தான் ஏதோ கற்றிருப்பார். ரீஇன்ஸ்டால் செய்தே தேர்ந்தவர்களைக் ‘கம்ப்யூட்டர் எக்ஸ்பர்ட்’ என்று ஊர் கொண்டாடுவது வேறு கதை.

இடம் பார்க்காத நோண்டலும் உண்டு. பேட்டரி நீண்ட நாள் உழைக்க, ஆதரிக்கும் லேப்டாப்புகளில் டி.எல்.பி. என்ற கருவி மூலம் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தலாம். லித்தியம் பேட்டரிக்கு அது நல்லதுதான். ஆனால் தென்மேற்குப் பருவமழையில் மரம் சாய்ந்து கரண்ட் போகும் தேவிகுளம் மலையில், மீதி 20 சதவீதம்தான் அசைன்மென்ட்டை முடிக்க உதவும். எங்கோ ஏ.சி. அறையில் இருப்பவர் சொன்ன நல்ல பழக்கம் இங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரைக்கும் செல்லாது.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. நோண்டிக் கண்டுபிடித்த தீர்வு அந்த ஒரு லேப்டாப்போடு நின்றுவிடுகிறது. மலையாளிகள் அப்படி நிற்கவில்லை. 2002 வாக்கில் தொடங்கிய ‘ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங்’ குழு, கூட்டெழுத்து உடைவது தொடங்கி எழுத்துரு வரை தங்கள் மெஷினில் கண்ட பிழைகளைத் திருத்தி எல்லோருக்கும் போய்ச்சேரும்படி செய்தது. அதே குழுவிலிருந்து, சந்தோஷ் தோட்டிங்கல் வடிவமைத்த ‘மீரா இனிமை’ என்ற தமிழ் எழுத்துருவும் வந்தது. தமிழுக்கு எழுத்துரு மலையாளிகளிடமிருந்து வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான், கொஞ்சம் கூச்சமும் உண்டு. லிப்ரே ஆபீஸில் விடுபட்ட ஒரு தமிழ் மொழிபெயர்ப்பையோ, தமிழ்99இல் அகப்பட்ட ஒரு பிழையையோ முறையாகப் பதிந்து அனுப்ப, டாக்கின் நிறத்தை மாற்றுவதைவிடக் கூடுதல் திறமை தேவையில்லை. இரண்டு மொழியிலும் புழங்கும் பாலக்காட்டுச் சித்தூர்ப் பிள்ளைக்கு, சென்னைப் பிள்ளையைவிட இந்தப் பிழைகள் முதலில் கண்ணில் படும். பள்ளியிலேயே ‘லிட்டில் கைட்ஸ்’ கிளப்பும் இருக்கிறது. பிழையறிக்கை எழுதுவதை அங்கே ஒரு பயிற்சியாக வைக்கத் தடையென்று எதுவும் எனக்குத் தெரியவில்லை.