பாகும் துடுப்பும்

கணினிச் சித்திரப் படங்களைப் பற்றி நம் சிறுபத்திரிகைச் சூழலில் பேச்சு எழுந்தால் இரண்டே வார்த்தையில் முடிந்துவிடுகிறது: மாயத்தோற்றம், பன்னாட்டு மூலதனம். இரண்டும் தப்பில்லை. ஆனால் அந்த மாயம் எப்படிச் செய்யப்படுகிறது என்று பார்க்க நாம் மெனக்கெட்டதில்லை. பார்த்திருந்தால், நம் விமர்சனத்துக்கே பயன்படக்கூடிய ஒரு பிரச்சினையோடு அங்கே பல வருஷம் மல்லுக்கட்டியிருப்பது தெரிந்திருக்கும்.

எனக்கு அது புரிந்தது பனமரத்துப்பட்டிப் பக்கம் ஒரு கரும்பாலையில். கொப்பரையில் சாறு கொதிக்கிற வரைக்கும் துடுப்பு லேசாகப் போகிறது. சுண்டச் சுண்டப் பாகு துடுப்பைப் பிடித்துக்கொள்கிறது. கிண்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் பதம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நாம பாக்கறது கொஞ்சந்தாங்க தம்பி, அதுவே கையில வந்து சொல்லிப்போடும்" என்றார். துடுப்பு பாகைத் தள்ளுகிறது, பாகு துடுப்பைத் தள்ளுகிறது. அந்த எதிர்விசைதான் அவருடைய அறிவு.

பாகுத்தன்மையுள்ள திரவங்களின் ஓட்டத்தை 1822இல் நாவியேவும் 1845இல் ஸ்டோக்ஸும் சமன்பாடாக எழுதினார்கள். கணினியில் அதை ஓட்டுகிறபோது, திரவத்துக்குள் ஒரு பொருளைப் போட்டதும் சிக்கல் வந்துவிடுகிறது. 1996இல் ஃபாஸ்டரும் மெடாக்சஸும் காட்டிய படத்தில் பொங்கும் நீரின்மேல் தகர டப்பாக்கள் மிதந்து போகும். டப்பா இருப்பதே நீருக்குத் தெரியாது. 2001இல் ஃபாஸ்டரும் ஃபெட்கிவும் செய்தது நேர்எதிர். சித்திரப் பாத்திரம் ஒன்று கெட்டிச் சேற்றில் இறங்குகிறது. சேறு விலகி வழிவிடும். ஆனால் அந்த உடம்பைத் திருப்பித் தள்ளாது. ஏவியபடி அது அசைந்துகொண்டே இருக்கும்.

2004இல் கார்ல்சன், முக்கா, டர்க் மூவரும் விசையை இருபக்கமும் போகவைத்தார்கள். வழி விசித்திரமானது. கெட்டிப்பொருளையும் முதலில் திரவமாகவே பாவித்துக் கணக்கிடுவது, பிறகு அதன் உரு குலையாதபடி திருத்துவது. கார்ல்சனும் முக்காவும் டர்க்கும் வான் ஹார்னும் சேர்ந்து 2002இலேயே, திடப்பொருள் என்பது மிகமிக அதிகப் பாகுத்தன்மை கொண்ட திரவம்தான் என்று வைத்துக்கொண்டு மெழுகை உருகவைத்திருந்தார்கள். ஆலைக்காரருக்கு இது புதுசல்ல. பாகு ஆறினால் வெல்லம்.

இனி நம் கதைகளுக்கு வருவோம். ஒருவகை நாவலில் மனிதர்கள் தகர டப்பாக்கள்: வறட்சி வரும், கடன் வரும், வரலாறு அடித்துக்கொண்டு போகும். அவர்களால் அந்த வெள்ளத்தில் ஒரு சுழிகூட விழாது. இன்னொரு வகையில் நாயகன் சேற்றில் நடப்பான். சாதியும் ஊரும் விலகி வழிவிடும். அவன் நடை தளராது. முதல்வகையை யதார்த்தம் என்றும் இரண்டாவதை எழுச்சி என்றும் பாராட்டி எழுதியவர்களில் நானும் ஒருவன். இரண்டுமே ஒருவழிப் பாதைகள். துடுப்பையும் பாகையும் சேர்த்து எழுதுவதுதான் கடினம். அதை எழுதச் சொல்லி நாம் கேட்டதுமில்லை.

ஆனால் இந்த உவமையை அப்படியே கும்பிட்டுவிடவும் முடியாது. கணினிக்குள் துடுப்பின்மேல் விழும் விசை எண்ணாக இருக்கிறது. துடுப்பைப் பிடித்த கை இல்லை. கை வெளியே இருக்கிறது. 2012இல் வந்த 'லைஃப் ஆஃப் பை' படத்தின் புலியையும் கடற்காட்சிகள் பலவற்றையும் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனத்துக்கு மும்பையிலும் ஐதராபாத்திலும் கிளைகள் இருந்தன. 2013 பிப்ரவரியில் அது திவால் மனு கொடுத்தது. அதே மாதம் 24ஆம் தேதி, காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் அந்தப் படத்துக்கே கிடைத்தது. அரங்குக்கு வெளியே அத்தொழிலாளர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். மேடையில் அதைப் பற்றிப் பேச வாயெடுத்தவரின் குரலை இசை போட்டு மூடினார்கள்.

படகும் கடலும் ஒன்றையொன்று தள்ளுகிற படம். அதைச் செய்தவர்களுக்கும் சந்தைக்கும் நடுவே விசை ஒரு பக்கம்தான் போனது. சித்திரத்தில் தீர்த்த கணக்கு கூலியில் தீரவில்லை. அந்தக் கணக்கைப் போடாத விமர்சனம் எதுவானாலும், என்னுடையதையும் சேர்த்தே சொல்கிறேன், கொப்பரையைத் தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பதுதான். கையில் எதுவும் வந்து சொல்லாது.